சோனேபூர் மேளாவும் கழுகுமலைத் தாவணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீகாரில் கூடும் சோனேபூர் கால்நடைச் சந்தையைப் பற்றி நெல்லைச் சீமையில் கேட்கிறவர்கள் இரண்டு வகை. முதலையின் பிடியிலிருந்து யானையைப் பெருமாள் மீட்ட கஜேந்திர மோட்சக் கதை அங்கேதான் நடந்தது என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் ஒரு சாரார். மாடு, ஆடு பிடித்து விற்கிறவர்கள் இன்னொரு சாரார். இரு சாராருக்கும் சேர்த்தே இந்தக் கேள்விகளும் பதில்களும். சோனேபூரில் தொடங்கினாலும் பேச்சு பொதிகைக்கும், பங்குனியில் மாட்டுத் தாவணி கூடும் கழுகுமலைக்கும் வந்துதான் நிற்கும்.

தாவணி என்ற பெயர் எப்படி வந்தது? சந்தையும் தாவணியும் ஒன்றுதானா?

தாவணி என்பது முதலில் கயிறு. இரண்டு முளைகளை அடித்து, நடுவே நீளமாக ஒரு வடக்கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் வரிசையாக மாடுகளைப் பிணைப்பார்கள். தாமணி என்றும் சொல்வதுண்டு. தாம்புக்கயிற்றுக்கு உறவுக்காரச் சொல். கயிற்றின் பெயர் மாட்டு வரிசைக்கு ஆகி, பிறகு சந்தைக்கே ஆகிவிட்டது. மதுரைப் பேருந்து நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டதும் இந்தப் பெயர்தான்.

சந்தை வாரம் ஒருமுறை கூடும். மேலப்பாளையத்துக்குச் செவ்வாய், எட்டயபுரத்து ஆட்டுச் சந்தைக்குச் சனி. தாவணி ஆண்டுக்கொருமுறை, ஒரு கோயில் திருவிழாவை ஒட்டி, ஆளும் மாடும் பல நாள் தங்கிக் கூடுவது. கறிக்கிடாவும் குட்டியும் வாரச் சந்தைச் சரக்கு. உழவுக்காளை ஜோடிதான் தாவணிக்கு அழகு. சங்கரன்கோவிலுக்கும் கடையநல்லூருக்கும் நடுவே பாம்புக்கோவில்சந்தை என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. கோயிலும் சந்தையும் ஒரே பெயர்ப்பலகையில் நிற்கும் இடம் வேறெங்கும் இருந்தால் சொல்லுங்கள்.

சோனேபூர் எங்கே இருக்கிறது? அங்கே என்ன விசேஷம்?

பீகாரின் சாரண் மாவட்டத்தில், கண்டகி ஆறு கங்கையில் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை ஹாஜிபூர். பாட்னாவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கார்த்திக் பூர்ணிமா அன்று சங்கமத்தில் நீராடி, ஹரிஹரநாதருக்கு நீர் வார்ப்பதுதான் மூலச் சடங்கு. அதையொட்டிச் சுமார் ஒரு மாதம் சந்தை நடக்கும். அந்த ஊர் மக்கள் அதை ஹரிஹர க்ஷேத்திர மேளா என்பார்கள்; பேச்சுவழக்கில் சத்தர் மேளா. மாடு, எருமை, குதிரை, ஆடு, நாய் என்று தனித்தனியாக இடம் பிரித்துக் கட்டுவார்கள். யானை கட்டிவந்த இடத்துக்கு ஹாத்தி பஜார் என்று பெயர்.

கண்டகியை நம் பக்கத்து வைணவ வீடுகளில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பூசைப் பெட்டியில் இருக்கும் சாளக்கிராமக் கல் அந்த ஆற்றின் மேல்பகுதியில், நேபாளத்தில் கிடைப்பது.

கஜேந்திர மோட்சக் கதைக்கும் நம் சீமைக்கும் என்ன தொடர்பு?

யானைக்குத்தான் தொடர்பு. அந்த யானை ஒரு பாண்டியன்.

பாகவதத்தின் 8ஆம் ஸ்கந்தத்தில் 2 முதல் 4 வரையுள்ள அத்தியாயங்கள் இந்தக் கதைக்கு உரியவை. யானைக் கூட்டத்தின் தலைவன் நீர் குடிக்க இறங்குகிறான். முதலை காலைக் கவ்வுகிறது. ஆயிரம் ஆண்டு இழுபறி நடக்கிறது. கடைசியில் ஒரு தாமரையை உயர்த்திப் பிடித்து யானை அழைக்க, கருடன் மேல் வந்த பெருமாள் இரண்டையும் கரையேற்றிச் சக்கரத்தால் முதலையின் வாயைப் பிளக்கிறார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். நாலாவது அத்தியாயத்தில் வரும் முற்பிறப்புக் கதையைத்தான் கதாகாலட்சேபத்தில் ஓட்டிவிடுவார்கள்.

முற்பிறப்பில் யானையின் பெயர் இந்திரத்யும்னன். திராவிட தேசத்துப் பாண்டிய மன்னன் என்று பாகவதமே சொல்கிறது. அரசை விட்டு மலையில் ஆசிரமம் கட்டி, சடை வளர்த்து, மௌன விரதத்தோடு அரியைப் பூசித்துக்கொண்டிருந்தான். அங்கே சீடர்களோடு அகத்தியர் வந்தார். விரதத்தில் இருந்தவன் எழவில்லை, வரவேற்கவும் இல்லை. ‘யானையைப் போல மந்தமாக உட்கார்ந்திருக்கிறாய், யானையாகவே பிற’ என்று சாபம் விழுந்தது. மூலத்தில் குலாசலம் என்று வரும் மலைக்கு மலயம் என்றே உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். மலயம் என்றால் நம் பொதிகையும் அதைத் தொட்ட மலைகளும். பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் பெயரில் அருவி விழுகிற அதே மலை.

முதலையும் சும்மா முதலை அல்ல. ஹூஹூ என்ற கந்தர்வன், தேவல முனிவரின் சாபத்தால் அப்படி ஆனவன். நீராடிக்கொண்டிருந்த முனிவரின் காலைத் தண்ணீருக்கடியில் பிடித்து இழுத்தான், அதற்கேற்ற சாபம் கிடைத்தது என்பது கதை சொல்கிறவர்கள் சேர்த்துக்கொண்ட சுவை.

ஆக, பீகாரில் யானைச் சந்தைக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதையில் யானை பாண்டி நாட்டு ராஜா, சாபம் கொடுத்தவர் பொதிகை முனிவர். சோனேபூரில் கேட்டால் இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். நமக்கு இதுதான் முதல் செய்தி.

அப்படியானால் கதை நடந்தது சோனேபூரிலா, அத்தாளநல்லூரிலா?

நூலின்படி இரண்டிலும் இல்லை. பாற்கடல் சூழ்ந்த திரிகூட மலையில், வருணனுடைய தோட்டத்துக் குளத்தில் நடந்ததாகவே பாகவதம் சொல்கிறது. ஊர்கள் அதைத் தங்கள் நீர்த்துறைக்கு அழைத்துக்கொண்டன.

சோனேபூருக்கு எதிர்க்கரையில், ஹாஜிபூரில் உள்ள படித்துறைக்குக் கோன்ஹாரா காட் என்று பெயர். ‘யார் தோற்றது?’ என்ற இந்திக் கேள்வியே அந்தப் பெயராயிற்று என்பார்கள். இங்கே முக்கூடலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரை அத்தாளநல்லூரில் கஜேந்திர வரதர் இருக்கிறார்; ஆதிமூலமே என்று யானை அழைத்ததால் ஆதிமூலப் பெருமாள். அத்தி என்றால் யானை. ஆனை காத்த நல்லூர்தான் அத்தாளநல்லூர் ஆயிற்று என்பது ஊர்ப் பேச்சு. கும்பகோணத்துப் பக்கம் கபிஸ்தலத்திலும் இதே பெருமாள், இதே கதை. கபிஸ்தலம் 108 திவ்யதேசங்களில் ஒன்று.

மூன்று ஊர்களிலும் யானை இறங்குவதற்கு ஓர் ஆற்றுத்துறை இருக்கிறது. சோனேபூரில் மட்டும் துறைக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான விலங்குகளைக் கட்ட வண்டல் திடல் கிடைத்தது. அத்தாளநல்லூரில் கரையோரம் முழுக்க வயல்; மாட்டைக் கட்ட நினைத்தால் நெல்லுக்குள்தான் கட்ட வேண்டும். கதை ஒன்றாக இருந்தும் சந்தை ஓரிடத்தில் மட்டும் வளர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

(முக்கூடற்பள்ளு என்ற உழவர் பாட்டு நூலின் முக்கூடல் வேறு, அத்தாளநல்லூருக்குப் பக்கத்து முக்கூடல் வேறு. பள்ளின் முக்கூடல் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரிப் பக்கம்.)

ஹரிஹரநாதர் யார்?

அரியும் அரனும் ஒரே சந்நிதியில். சங்கரநாராயணரை வைத்திருக்கும் சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சோனேபூரில் ராமர் மிதிலைக்குப் போகும் வழியில் கோயிலை எழுப்பினார் என்று தலமரபு. சங்கரன்கோவிலில் அரியும் அரனும் ஒன்றென்று காட்டச் சொல்லிக் கோமதி அம்மன் தவமிருந்தாள். சங்கன், பதுமன் என்ற நாகர்களின் சண்டையும் அதனால் தீர்ந்தது. ஆடித் தபசு அந்தத் தவத்துக்கான திருவிழா.

கார்த்திக் பூர்ணிமா என்றால் நம் திருக்கார்த்திகையா?

பெரும்பாலும் இல்லை. வடக்கே மாதம் சந்திரனைப் பின்பற்றுவது, நம் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. அவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமி பல ஆண்டுகளில் நம் ஐப்பசிப் பௌர்ணமியில், அதாவது சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாளில் விழும். 2024இல் கார்த்திக் பூர்ணிமா நவம்பர் 15, நம் தீபம் டிசம்பர் 13. 2025இல் நவம்பர் 5, டிசம்பர் 3. சில ஆண்டுகளில் ஒட்டியும் வரும்: 2023இல் நவம்பர் 26இல் தீபம், மறுநாள் பூர்ணிமா என்று ஒட்டி வந்தது. தீபத் தேதியை நம்பி ரயில் டிக்கெட் போட்டால் ஒரு மாதம் பிந்திப் போய் இறங்குவீர்கள்.

அங்கே கார்த்திகையில் கூடுவது இங்கே ஏன் பங்குனியில் கூடுகிறது?

இதற்கு மழையைத்தான் கேட்க வேண்டும்.

கங்கைச் சமவெளியில் தென்மேற்குப் பருவமழை புரட்டாசியோடு ஓய்கிறது. ஆறு வடிந்து திடல் வெளியே வரும். புல் தின்று மாடு தேறியிருக்கும். கோதுமைக்கு உழ வேண்டிய நேரம் அது. காளைக்குத் தேவை உச்சத்தில் இருக்கும். ராஜஸ்தானில் புஷ்கர் ஒட்டகச் சந்தையும், ஆக்ராவுக்குப் பக்கத்தில் யமுனைக்கரை பட்டேஷ்வர் சந்தையும் கார்த்திகையிலேயே கூடுவது இதனால்தான்.

நமக்கு அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்கு மழை. கரிசல்காட்டில் மழை விழுந்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கும்; மாட்டுக் குளம்பில் மண் அப்பிக்கொண்டு நடை கனக்கும். விதைப்பும் களையெடுப்பும் தலைக்கு மேல் இருக்கும். காளையை விற்பவன் யார், வாங்க நேரமிருப்பவன் யார்? கம்பும் சோளமும் தை, மாசியில் வீடு வரும். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகும். கரிசல்காரன், வயல்காரன் இருவர் கையிலும் ஒரே நேரத்தில் காசு இருப்பதும் வேலை இல்லாததும் பங்குனியில்தான். அடுத்தது சித்திரைக் கோடை உழவு. பழைய காளையைக் கழித்துப் புது ஜோடி பிடிக்க இதைவிட நல்ல இடைவெளி ஆண்டில் இல்லை.

இன்னொன்று, பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் பிழைத்தாலும் நெல்லைக்காரர் தம் குலதெய்வச் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார். சீமையே வீடு திரும்பும் வாரம் அது. கழுகுமலைத் தேரும் அந்த உத்திரத்தை ஒட்டியே. பணம், ஓய்வு, கூட்டம் மூன்றும் கூடிய இடத்தில் மாடு கட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கழுகுமலை முருகனுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தலக்கதையில் மாடே கிடையாது. சடாயுவின் அண்ணன் சம்பாதி, தம்பிக்கு ஈமக்கடன் செய்ய முடியாமற்போன குறை தீர இங்கே முருகனை வழிபட்டான். கழுகு வழிபட்ட மலை கழுகுமலை. மூலவர் கழுகாசலமூர்த்தி குடைவரைக்குள் இருக்கிறார், மலையே அவருக்கு விமானம். மேற்குப் பார்த்த சந்நிதி. மயிலாக நிற்பவன் இந்திரன் என்பதால் மயிலின் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கும்.

மலையின் பழைய பெயர் அரைமலை. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மேலிருந்து கீழாகச் செதுக்கி, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலும், வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு கூடிய சமணச் சிற்பங்களும் அதே பாறையில்தான் இருக்கின்றன.

சோனேபூரில் கதையும் யானை, சரக்கும் யானையாக இருந்தது. பொருத்தம் பார்த்தவுடன் தெரியும். கழுகுமலையில் கதை கழுகைப் பற்றியது, சரக்கு காளை. அதனால் சமய வேர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேர் கதையில் இல்லாமல் நாளில் இருக்கிறது. எழுதப்படாத ஒப்பந்தம் போல, உத்திரத் தேதி தெரிந்தால் போதும், யாரும் யாருக்கும் ஓலை அனுப்ப வேண்டாம். நெடுந்தூரம் நடந்து வரும் வியாபாரிக்கு வேண்டியது அந்த நிச்சயம்தான்.

சந்திரகுப்த மௌரியர் சோனேபூரில் யானை வாங்கினாரா?

வாங்கினார் என்பது அங்குள்ள மரபு. பாடலிபுத்திரம் கூப்பிடு தூரத்தில் இருந்ததும், மௌரியப் படையில் யானை பெரும் பலமாக இருந்ததும் வரலாறு. இன்ன ஆண்டில் இன்ன சந்தையில் வாங்கினார் என்று காட்டக் கல்வெட்டு கிடையாது. திப்பு சுல்தான் அந்தியூரில் குதிரை வாங்கினார் என்று சொல்வதும் இதே ரகம். பெரிய சந்தை ஒவ்வொன்றும் பெரிய ராஜா ஒருவரை வாடிக்கையாளராகச் சொல்லிக்கொள்ளும்.

நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானை இறந்துவிட்டதே, சோனேபூரில் போய் ஒன்று வாங்கி வர முடியாதா?

முடியாது. காந்திமதி 2025 ஜனவரியில் இறந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானை 1977இல் சேர்ந்தது. 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உரிமைச் சான்றுள்ள யானையைக்கூட விலைக்கு விற்பதைத் தடுத்தது. அதன் பிறகு சோனேபூருக்கு வந்த யானைகள் காட்சிக்கென்றே வந்தன, எண்ணிக்கையும் கரைந்துபோனது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சமயக் காரியம் உள்ளிட்ட தேவைகளுக்கு, விதித்த நிபந்தனைகளோடு கைமாற்ற வழி விட்டிருக்கிறது. அது அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றம். சந்தையில் துண்டு போட்டுப் பேசும் விலைக்கு அதில் இடமில்லை.

தமிழ்நாட்டில் கோயிலை ஒட்டிய வேறு கால்நடைச் சந்தைகள் உண்டா?

உண்டு. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரையும் மாடும் வரும். காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயிலுக்குச் சித்திரையில் காங்கேயம் காளைகள் கூடும்.

பல் பார்த்து வயது சொல்வது எப்படி?

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே எட்டு. பால்பல் சிறிது, வெள்ளை வெளேரென்று இருக்கும். அது விழுந்து முளைக்கும் சேர்ந்த பல் அகலம், சற்று மஞ்சள். நடுவிலிருந்து ஜோடி ஜோடியாக மாறும். இரண்டு பல் என்றால் இரண்டு, இரண்டரை வயது. நாலு பல் மூன்று. ஆறு பல் மூன்றரை முதல் நாலு. எட்டும் சேர்ந்துவிட்டால், அதாவது கடை சேர்ந்தால், நாலரை, ஐந்து. கலப்பினத்தில் இது சில மாதம் முந்தும். கடை சேர்ந்த பிறகு தேய்மானத்தை வைத்து மட்டுமே மதிப்பிட முடியும். அதில்தான் தவறு நடக்கும். கரட்டுத் தரையில் மேய்ந்த மாட்டுக்குப் பல் சீக்கிரம் தேயும், தீவனத்தொட்டி மாட்டுக்குத் தேயாது. அப்போது கொம்பின் அடிவளையங்களையும் எண்ணிப் பாருங்கள்: வளையங்களோடு இரண்டைக் கூட்டினால் ஏறக்குறைய வயது. கொம்பைச் சீவி எண்ணெய் பூசி மினுக்கியிருந்தால் வளையத்தை மறைக்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்குக் கணக்கு வேறு. ஒன்று, ஒன்றரை வயதில் இரண்டு பல், இரண்டில் நாலு, மூன்றில் ஆறு, நாலில் எட்டு.

சுழி பார்ப்பதில் உண்மை இருக்கிறதா?

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வதுதான் சுழி பார்ப்பது. உழைப்புக்கும் சுழிக்கும் தொடர்பில்லை. விலைக்கும் சுழிக்கும் தொடர்பு உண்டு. கோபுரச் சுழி, லட்சுமிச் சுழி, தாமணிச் சுழி, பாசிபந்தச் சுழி இவையெல்லாம் ஏற்றம். பாடைச் சுழி, விலங்குச் சுழி, துடைப்பச் சுழி, முக்கண் சுழி ஆகாது. பூரான் சுழி மேல்நோக்கி ஏறினால் நல்லது, இறங்கினால் கெடுதல் என்பார்கள். நீங்கள் நம்பாவிட்டாலும் மறுபடி விற்கும்போது வாங்குகிறவர் நம்புவார். ஆகவே இரண்டு வழி: நம்பிக்கை இல்லாதவர் ஆகாத சுழி மாட்டைக் குறைந்த விலைக்குப் பிடித்துக் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம், ஓரிரு ஆண்டில் கைமாற்ற நினைப்பவர் தொடக்கூடாது.

கொம்பு, நிறம், காது வைத்து மாட்டுக்குப் பெயர் சொல்லும் பழக்கமும் பழையது. முக்கூடற்பள்ளு உழவு மாடுகளை அடுக்கும்போது குடைக்கொம்பன், செம்மறையன், மோழை, குடைச்செவியன், கூடுகொம்பன், மயிலை, மட்டைக்கொம்பன், மஞ்சள்வாலன் என்று போகும். இவற்றில் மயிலையும் மறையும் மோழையும் இன்றும் தரகர் வாயில் புழங்குகின்றன.

துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறார்களே, அது எப்படி?

தரகரும் விற்பவரும் கைகோர்த்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. முழுக்கையும் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும், சந்தேகமிருந்தால் வாயால் சொல்வார்கள். ஒத்துவரவில்லை என்றால் விரலை மடக்குவது, தலையாட்டுவது. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. தெரிந்தால் அடுத்த மாட்டின் விலை அங்கேயே படிந்துவிடும், அதற்காகத்தான் இந்த மறைப்பு.

புதிதாகப் போகிறவர் செய்யும் பிழை, தரகர் தம் பக்கம் என்று நினைப்பது. தரகு இரு பக்கமும் உண்டு. பேச்சை ஆரம்பிக்கும் முன்பே தரகு எவ்வளவு, யார் கொடுப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அச்சாரம் கொடுத்தால் மாட்டின் காதுவில்லை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம் இருக்கும். கயிறு கொண்டுபோக மறக்க வேண்டாம்: மாட்டை விற்றாலும் தும்பை விற்பதில்லை என்று பல வீடுகளில் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வார்கள்.

காளை ஜோடியிலும் கறவையிலும் எதைச் சோதிக்க வேண்டும்?

காளையை நிற்க வைத்துப் பார்த்தால் போதாது. கட்டாந்தரையில் இருபது அடி நடத்தி, உடனே திருப்புங்கள். நொண்டல் திருப்பத்தில் தெரியும். நுகம் படும் கழுத்தில் காய்ப்பு இருக்கலாம், வீக்கமோ புண்ணோ இருக்கக்கூடாது. எது இடத்து மாடு, எது வலத்து மாடு என்று கேட்டு, அதே பக்கத்தில் பூட்டிப் பாருங்கள். பழகிய பக்கம் மாறினால் நல்ல காளையும் முரண்டு பிடிக்கும். அதைக் குறையென்று நினைத்து விட்டவர்கள் உண்டு.

கறவையில் நடக்கும் பெரிய ஏமாற்று, ஒரு வேளை கறக்காமல் மடியைக் கட்ட விடுவது. மடி தெறிக்கும், காம்பிலிருந்து தானே சொட்டும். அதனால் ஒரு வேளை முழுக்கக் கறந்து காலி செய்யச் சொல்லி, அடுத்த வேளைப் பாலைத்தான் அளக்க வேண்டும். நாலு காம்பிலும் தனித்தனியாகப் பீய்ச்சுங்கள். ஒன்று அடைத்திருந்தாலோ திரிதிரியாக வந்தாலோ மடிநோய். வயிறு ஒரேயடியாகப் புடைத்திருந்தால் உப்புப் போட்டுத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். சில மணி நேரம் காத்திருந்தால் மூத்திரத்தோடு வடிந்துவிடும்.

இந்தப் பக்கத்துச் சொந்த ஆட்டு இனங்கள் எவை?

வெள்ளாட்டில் கன்னி ஆடு: கறுப்பு உடம்பு, முகத்திலும் காதிலும் காலிலும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கடற்கரைப் பக்கம் போகப் போக உயரக்கால் கொடி ஆடு; கரும்புள்ளி தெளித்தது கரும்போரை, செம்புள்ளி செம்போரை. செம்மறியில் கீழக்கரிசல், செவ்வாடு, விளாத்திகுளம் பக்கத்து வெம்பூர். வெம்பூர் ஆட்டுக்கு வெள்ளை உடம்பில் செந்திட்டு, அதனால் பொட்டு ஆடு. கோயில் கொடை நடக்கும் மாதங்களிலும், பக்ரீத், தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் கிடா விலை ஏறும். வளர்க்கக் குட்டி பிடிப்பவர் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.

வாங்கி வந்த உருப்படியை உடனே தொழுவத்தில் கட்டலாமா?

கூடாது. குறைந்தது 21 நாள் தனியாகக் கட்ட வேண்டும். மாட்டுக்கு 28 நாள் என்றால் இன்னும் நல்லது. கோமாரி இரண்டு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். தோல் கழலை நோய் வெளிப்பட நாலு வாரம்கூட ஆகலாம். தனி வாளி, தனி தீவனச்சட்டி வைக்க வேண்டும். பழைய மாடுகளைக் கவனித்த பிறகு கடைசியாகப் புதுமாட்டிடம் போங்கள். திருப்பிச் செய்தால் நோயை நாமே சுமந்து வருவோம். சந்தைக்குக் கொண்டுபோகிற மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசியை முந்தின நாள் போட்டுப் பயனில்லை, எதிர்ப்புப் பிடிக்க இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். சந்தையிலிருந்து திரும்பியவர் செருப்பைக் கழுவாமல் தொழுவத்துக்குள் நுழைவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

வண்டியில் ஏற்றுவதற்கு என்ன விதி?

1978ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று கையில் இருக்க வேண்டும். மாட்டின் தலை வண்டி ஓடும் திசையில் இருக்கட்டும். தரையில் வைக்கோலோ மணலோ பரப்பாவிட்டால் பிரேக் போடும்போது சறுக்கி முழங்கால் உரியும். இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுத்த 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளுக்கு அந்த மே 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

தாவணியில் முன்போல் காளை வருவதில்லையே, ஏன்?

டிராக்டர் வந்தது. அரை நாள் வாடகையில் முடிகிற உழவுக்கு ஆண்டு முழுவதும் ஜோடிக்குத் தீனி போட யாரும் தயாரில்லை. உழவுக்காளையின் இடத்தை ஓரளவு பந்தயக்காளை பிடித்திருக்கிறது. தூத்துக்குடி, நெல்லைப் பக்க மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு உண்டு. 2014இல் வந்த தடையும், அதைத் தாண்டிய தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றதும் இந்தக் காளைகளின் விலையில் உடனுக்குடன் தெரிந்தன. பந்தயக்காரர் கூட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. மாடு இருக்கும் தொழுவத்துக்கே காரில் போய்ப் பேசி முடித்துவிடுகிறார். தாவணிக்கு அதனால் லாபமில்லை.

பார்க்கவாவது போகலாம் என்றால் எந்த நாளில் போவது?

தேர் பார்க்க வேண்டுமானால் உத்திரத்தன்று. மாடு பார்க்க வேண்டுமானால் அதற்கு முந்தியே. எந்தத் தாவணியிலும் நல்ல உருப்படி திருநாளுக்கு முன்பே கைமாறும். புஷ்கரில் பௌர்ணமியன்று போய் இறங்குகிறவர்களுக்கு ஒட்டக வியாபாரம் ஏறக்குறைய முடிந்து, குளக்கரைக் கூட்டம் மட்டுமே மிஞ்சியிருக்கும். மேலப்பாளையம் போன்ற வாரச் சந்தை என்றால் விடியுமுன் போய்விடுங்கள். வெயில் ஏறினால் மிச்சமிருப்பவை மற்றவர்கள் பார்த்துவிட்டு விட்டுப்போன உருப்படிகள்தான்.